நெஞ்சறிந்த நண்பர்

அறிஞர் பெருமக்களின் வரலாற்றைப் படிப்போர் அவர்தம் நுண்ணறிவையும் இடையறாத உழைப்பையும் கண்டு வியப்பர். அவ்வறிஞர் தம் நெஞ்சில் சுமந்திருந்த சுமை யாது, அதனை யாரிடம் இறக்கி வைத்தார் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. உயிர்களின் தோற்றத்தைப் பற்றி உலகம் கொண்டிருந்த கருத்தையே மாற்றியமைத்தவர் சார்லஸ் டார்வின். அவர் தம் கொள்கையை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வெளியிடாமல் வைத்திருந்தார். அந்நெடுங்காலத்தில் அவர் கூறியவற்றைக் கேட்கும் செவியாகவும், அவர் காணாத குறைகளைக் காணும் கண்ணாகவும், சில வேளைகளில் எதிர்வழக்காடுபவராகவும் விளங்கியவர் ஜோசப் ஹூக்கர் என்னும் தாவரவியலறிஞர்.

டார்வின் 1809ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ராபர்ட் டார்வின் பெயர்பெற்ற மருத்துவர். எட்டு வயதிலேயே டார்வின் தாயை இழந்தார். தந்தையார் அவரை மருத்துவம் பயிலுமாறு எடின்பரோவுக்கு அனுப்பினார். அக்கல்வி மைந்தருக்கு உவப்பாயில்லை. பின்னர்ச் சமயகுருவாகும் நோக்கத்துடன் கேம்பிரிட்ஜில் பயின்றார். அங்கே அவர் உள்ளத்தைக் கவர்ந்தவை வண்டுகளும் செடிகொடிகளும் கற்களுமே. 1831ஆம் ஆண்டு இறுதியில், தம் இருபத்திரண்டாம் வயதில், பீகிள் என்னும் கப்பலில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டார். 1836ஆம் ஆண்டு அக்டோபரில் தாயகம் திரும்பினார். அப்பயணத்தில் அவர் கண்ட கலாபகஸ் தீவுகள், அவர் சிந்தையில் ஒரு வினாவை விதைத்தன. அண்மையிலுள்ள தீவுகளிலேயே பறவைகள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபட்டிருந்தன. ஒவ்வோர் உயிரினமும் தொடக்கத்தில் படைக்கப்பட்டவாறே என்றும் மாறாதிருப்பது உண்மையாயின், இச்சிறு வேறுபாடுகள் எதற்காக?

1837ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் டார்வின் இவ்வினாவைப் பற்றிய குறிப்புகளுக்கெனத் தனியே ஒரு குறிப்பேடு தொடங்கினார். அடுத்த ஆண்டு, மக்கள்தொகைப் பெருக்கம் பற்றி மால்தூஸ் எழுதிய நூலைப் படித்தபோது அவருக்கு ஒரு வழி புலனாயிற்று. பிறக்கும் உயிர்கள் பல, பிழைப்பன சில. பிழைப்பதற்குச் சிறிதளவேனும் துணைசெய்யும் வேறுபாடு உடையவை நிலைத்துத் தம் தன்மையை வழிவழியாகத் தருகின்றன. இங்ஙனம் காலப்போக்கில் புதிய இனங்கள் தோன்றுகின்றன. இதுவே பிற்காலத்தில் இயற்கைத் தேர்வு எனப் பெயர்பெற்ற கொள்கை.

இத்தகைய பேருண்மையைக் கண்டவர் அதனை உடனே முரசறைந்திருக்கலாமே என்று தோன்றும். அக்காலத்து இங்கிலாந்தில் அஃது எளிதன்று. உயிரினங்கள் மாறும் என்பது சமயத்துக்கும் சமுதாய ஒழுங்குக்கும் பகையான கருத்து எனப் பெரும்பாலோர் கருதினர். டார்வினுக்குக் கற்பித்த ஆசிரியர்களும், அவர் மதித்த அறிஞர்களும் அவ்வாறே எண்ணினர். இல்லத்திலும் அவருக்கு இடர் இருந்தது. 1839ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் எம்மா வெட்ஜ்வுட் என்னும் நங்கையை மணந்தார். ஐயங்களை மனைவியிடம் மறைப்பதே நன்று எனத் தந்தையார் அறிவுறுத்தியிருந்தும், டார்வின் மணத்துக்கு முன்பே அவற்றை அம்மையாரிடம் கூறிவிட்டார். எம்மா சினங்கொள்ளவில்லை, ஆயினும் மறுமையில் கணவரைப் பிரிய நேருமோ என வருந்தினார். அன்பு மிக்க மனைவியை மேலும் வருத்த டார்வின் விரும்பவில்லை.

1842ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர்கள் இலண்டன் மாநகரை விட்டு, 16 மைல் தொலைவிலுள்ள டவுன் என்னும் சிற்றூரில் குடியேறினர். காரணம் விளங்காத நோயொன்று டார்வினை வாட்டியது. வாந்தியும் களைப்பும் அடிக்கடி அவரைப் படுக்கையில் தள்ளின. கூட்டங்களுக்குச் செல்ல இயலவில்லை. சிற்றூரில் நோயுடன் தனித்திருந்தவரிடம், வெளியே சொல்லவொண்ணாத எண்ணம் ஒன்று நாளும் வளர்ந்துகொண்டிருந்தது.

இந்நிலையில் ஹூக்கரின் நட்பு வாய்த்தது. ஜோசப் ஹூக்கர் 1817ஆம் ஆண்டு பிறந்தவர். டார்வினைவிட எட்டாண்டு இளையவர். அவர் தந்தையார் வில்லியம் ஹூக்கர் கிளாஸ்கோவில் தாவரவியற் பேராசிரியராக இருந்து, பின்னர்க் கியூ தாவரத் தோட்டத்தின் தலைவரானார். இளைய ஹூக்கர் மருத்துவம் பயின்று, தென்துருவக் கடலை ஆராயச் சென்ற எரிபஸ் என்னும் கப்பலில் துணை மருத்துவராக 1839ஆம் ஆண்டு புறப்பட இருந்தார். அப்போது டார்வினின் கடற்பயண நூல் அச்சாகிக்கொண்டிருந்தது. அதன் அச்சுப்படித் தாள்கள் ஹூக்கரின் கைக்குக் கிட்டின. தேர்வுக்குப் படிக்கும் நெருக்கடியிலும் அத்தாள்களைத் தலையணையின்கீழ் வைத்து உறங்கி, கண்விழித்ததும் படுக்கையிலிருந்தவாறே அவற்றைப் படித்தார் அவ்விளைஞர். அந்நாளிலேயே இலண்டனில் டிரபால்கர் சதுக்கத்தில் தற்செயலாக டார்வினைச் சந்தித்துச் சில சொற்கள் பேசும் வாய்ப்பும் பெற்றார்.

நான்காண்டு கழித்து ஹூக்கர் திரும்பியதும், டார்வின் அவருக்கு வாழ்த்து மடல் எழுதினார். கலாபகஸ் தீவுகளிலிருந்து தாம் கொணர்ந்த செடிகளை ஆராயுமாறும் வேண்டினார். ஒரு சில மடல்களே இருவரிடையே சென்றிருந்தன. அதற்குள், 1844ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 11ஆம் நாள், டார்வின் தம் நெஞ்சைத் திறந்துவிட்டார். செடிகளைப் பற்றிய வினாக்களுக்கு இடையே, உயிரினங்கள் மாறாதவை அல்ல என்ற முடிவுக்குத் தாம் பெரும்பாலும் வந்துவிட்டதாக எழுதினார். கொலை செய்தவன் தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளுங்கால் எவ்வாறு கூசுவானோ அவ்வாறு தாம் கூசுவதாகவும் குறிப்பிட்டார். இங்ஙனம் எழுதுவதற்கு அவர் எத்துணை அஞ்சியிருத்தல் வேண்டும்!

ஹூக்கரின் மறுமொழி அத்திங்கள் முடிவதற்குள் வந்தது. அதில் அதிர்ச்சியும் இல்லை; முகமன் உரையும் இல்லை. தாவரங்களைப் பற்றிய செய்திகளை முறையாக எழுதிய பின்னர், இனங்கள் சிறிது சிறிதாக மாறியிருத்தல் கூடும் எனத் தாமும் கருதுவதாகவும், இதுகாறும் பிறர் கூறிய விளக்கங்கள் தமக்கு நிறைவளிக்காமையால் டார்வினின் விளக்கத்தைக் கேட்க விரும்புவதாகவும் எழுதியிருந்தார். டார்வினின் கொள்கையை அவர் ஏற்றுக்கொண்டாரில்லை, இகழ்ந்தாருமில்லை. கேட்பதற்கு இசைந்தார். டார்வினுக்கு அப்போது வேண்டியதும் அதுவே.

ஆராய்ந்தே நட்புக் கொள்ளல் வேண்டும் என்பது சான்றோர் கொள்கை. நன்கு பழகாத இளைஞர் ஒருவரிடம் டார்வின் இவ்வளவு விரைந்து தம் மறைபொருளைக் கூறியது அக்கொள்கைக்கு மாறாகத் தோன்றலாம். ஆனால், ஹூக்கரின் மடல்களைப் படித்த டார்வின் அவரை ஆராயாமல் இல்லை. தெரிந்ததைத் தெரிந்தவாறும், தெரியாததைத் தெரியாது என்றும் எழுதும் இயல்பு ஹூக்கரிடம் இருந்தது. பல ஆண்டுப் பழக்கத்தினும் அவ்வியல்பு ஒருவரை நன்கு காட்டவல்லது. அந்நம்பிக்கை பிழையாயிற்றாயின் விளைந்திருக்கக்கூடியதும் சிறிதன்று. அதே 1844ஆம் ஆண்டு அக்டோபரில், உயிரினங்கள் படிப்படியாக வளர்ந்து மாறின என்று கூறும் நூலொன்று ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. மக்கள் அதனை ஆவலுடன் வாங்கினர். அறிஞர்களோ கடுமையாகத் தாக்கினர். அதனை எழுதியவர் ராபர்ட் சேம்பர்ஸ் என்பது அவர் இறந்து பல ஆண்டு கழித்து, 1884இல்தான் நூலிலேயே அச்சிடப்பட்டது. அக்கடுமையைக் கண்ட டார்வின், போதிய சான்றின்றித் தம் கருத்தை வெளியிடலாகாது என்று மேலும் உறுதி கொண்டார்.

ஹூக்கர் டவுன் இல்லத்துக்குப் பன்முறை வந்து தங்கினார். நாள்தோறும் காலையுணவு முடிந்ததும் டார்வின் அவரைத் தம் படிப்பறைக்கு அழைத்துச் செல்வார். துண்டுத் தாள்களில் எழுதிவைத்த வினாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்பார். இந்தச் செடி எந்தத் தீவில் வளர்கிறது? அதன் இனத்தைச் சேர்ந்தவை மலையின் மேலே உளவா? அரைமணி நேரம் இங்ஙனம் உரையாடிய பின் களைத்துப் படுத்துவிடுவார். விடை தெரியாதவற்றை ஹூக்கர் குறித்துக்கொண்டு சென்று, கியூவிலுள்ள உலர்தாவரத் தொகுப்பை ஆராய்ந்து எழுதுவார்.

நண்பர் கூறியவை யாவும் இனிப்பாக இருந்தன என்று எண்ணலாகாது. 1845ஆம் ஆண்டு, பிறிதோர் ஆசிரியரைக் குறித்து எழுதியபோது, பல இனங்களை நுணுகி ஆராய்ந்து விளக்காதவருக்கு இனங்களின் தோற்றத்தைப் பற்றிப் பேசும் உரிமை இல்லை என்ற கருத்தை ஹூக்கர் வெளியிட்டார். டார்வினைச் சுட்டி அவர் எழுதவில்லை; ஆயினும் அச்சொல் டார்வினின் நெஞ்சில் தைத்தது. அடுத்த ஆண்டு அவர், பாறைகளிலும் கப்பலின் அடிப்புறத்திலும் ஒட்டி வாழும் கொட்டலசு என்னும் சிற்றுயிரை ஆராயத் தொடங்கினார். அப்பணி எட்டாண்டு நீடித்தது. அதற்காக அவருக்கு 1853இல் அரசப் பதக்கம் கிட்டியது. பதக்கச் செய்தியினும், அதனை அறிவித்து ஹூக்கர் எழுதிய அன்பு மடலே அவருக்கு மிகுந்த மகிழ்ச்சியளித்தது.

கொள்கையை விரித்துரைத்து 1844ஆம் ஆண்டு டார்வின் எழுதிய நீண்ட கட்டுரையை, 1847ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஹூக்கர் பெற்றுப் படித்தார். ஐயமுற்ற இடங்களில் பென்சிலால் குறிப்பு எழுதினார். அவ்வாண்டு இறுதியில் இந்தியாவுக்குக் கப்பலேறினார். சிக்கிம் மலைப்பகுதிகளில் செடிகளைத் தேடித் திரிந்தபோது, 1849ஆம் ஆண்டு இறுதியில் அந்நாட்டு அதிகாரிகளால் சில வாரம் சிறைவைக்கப்பட்டதும் உண்டு. இந்தியத் தாவரங்களைப் பற்றி அவர் பின்னர் ஏழு தொகுதிகளில் வெளியிட்ட பெருநூல் இன்றும் போற்றப்படுகின்றது. இமயத்திலிருந்த நண்பருக்கு டார்வின் ஆராய்ச்சிச் செய்திகளை மட்டும் எழுதவில்லை. 1848இல் தந்தையார் இறந்ததையும், அவ்வேளையில் நோயினால் பயணம் செய்ய இயலாது தாம் துன்புற்றதையும், தமக்கும் முடிவு நெருங்கியதாக அஞ்சியதையும் எழுதினார். ஹூக்கர் 1851இல் தாயகம் திரும்பி, 1854இல் தம் இமயப் பயண நூலை வெளியிட்டு, அதனை டார்வினுக்கு உரிமையாக்கினார்.

அந்த ஆண்டிலேயே டார்வினும் ஒரு செயல் செய்தார். 1844ஆம் ஆண்டு, தாம் திடீரென இறந்துவிடின் தம் கட்டுரையை வெளியிடுவதற்கு 400 பவுன் ஒதுக்குமாறு மனைவிக்கு ஒரு மடல் எழுதி வைத்திருந்தார். அக்கட்டுரையைப் பதிப்பிக்கத் தக்கார் யார் என்பதற்குப் பலர் பெயரை அதில் குறித்திருந்தார். பத்தாண்டு கழித்து, 1854ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அம்மடலை மீண்டும் எடுத்து, யாவரினும் ஹூக்கரே அதற்கு மிகத் தக்கவர் என்று எழுதிச் சேர்த்தார். கொள்கையை இன்னும் முற்றிலும் ஏற்காத ஒருவரையே அதன் காவலராக அவர் தேர்ந்தது குறிப்பிடத்தக்கது.

அவர்கள் வாதிட்ட செய்திகளுள் ஒன்று விதைகளைப் பற்றியது. கடல் சூழ்ந்த தீவுகளுக்குச் செடிகள் எவ்வாறு சென்றன? பண்டைக்காலத்தில் இடையே நிலப்பரப்பு இருந்து பின்னர் மூழ்கியிருக்கலாம் என்பது ஹூக்கரின் எண்ணம். விதைகள் கடலில் மிதந்து சென்றன என்பது டார்வினின் எண்ணம். உவர்நீரில் விதைகள் விரைவில் அழிந்துவிடும் என்று ஹூக்கர் கருதினார். 1855ஆம் ஆண்டு டார்வின் புட்டிகளில் உவர்நீரை நிரப்பி விதைகளை ஊறவைத்தார். டாக்டர் ஹூக்கரை அப்பா வென்றுவிடுவாரா என்று குழந்தைகள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தனர். 87 வகை விதைகளுள் 64 வகை, 28 நாள் ஊறிய பின்னரும் முளைத்தன. சில 137 நாள் தாங்கின. வெற்றி கிட்டியது என மகிழ்ந்த வேளையில் மற்றொரு குறை தோன்றியது. விதைகளிற் பல நீரில் மிதக்காமல் மூழ்கிவிட்டன! மூழ்கும் விதை கடல்கடப்பது எங்ஙனம்? இக்குறையையும் டார்வின் தாமே ஹூக்கருக்கு எழுதினார். பின்னர், உலர்ந்த கிளையோடும் கனியோடும் சேர்ந்த விதைகள் நெடுநாள் மிதப்பதைக் கண்டறிந்தார்.

1856இல் சார்லஸ் லயல் என்னும் நிலவியலறிஞரும், அடுத்த ஆண்டு அமெரிக்கரான ஏசா கிரேயும் டார்வினின் கொள்கையை அறிந்தனர். வெளியிடுவதற்கு விரையுமாறு லயல் வற்புறுத்தினார். டார்வின் பெருநூல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தபோது, 1858ஆம் ஆண்டு ஜூனில், கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்த ஆல்பிரட் வாலேசிடமிருந்து ஒரு கட்டுரை வந்தது. டார்வின் இருபது ஆண்டு பேணிவந்த அதே கொள்கையை அதில் வாலேசு சுருக்கமாக விளக்கியிருந்தார். தம் கருத்தை இப்போது வெளியிடின், பிறர் கட்டுரையைக் கண்டு விரைந்தவன் என்ற பழி வருமே என்று டார்வின் கலங்கினார். அதே வேளையில் வீட்டில் கொடிய தொற்றுக் காய்ச்சல் புகுந்தது. ஜூன் 28ஆம் நாள் அவர் இளைய குழந்தை, ஒன்றரை வயது நிரம்பிய சிறுவன், இறந்தான்.

மறுநாள் இரவு, துயரத்தால் சிந்திக்கும் ஆற்றலும் இழந்திருந்த டார்வின், தம் தாள்களை ஹூக்கருக்கு அனுப்பி, செய்யத் தக்கதைச் செய்யுமாறு விட்டுவிட்டார். அத்தாள்களுள் பழைய 1844ஆம் ஆண்டுக் கட்டுரையும் இருந்தது. அதில் ஹூக்கர் பதினொரு ஆண்டுக்கு முன் எழுதிய பென்சிற் குறிப்புகள் அப்படியே இருந்தன. டார்வின் இக்கொள்கையை நெடுநாள் முன்பே கொண்டிருந்தார் என்பதற்கு அவையே சான்றாயின. ஹூக்கரும் லயலும் கூடி, இருவர் எழுத்துகளையும் ஜூலை முதல் நாள் இலண்டன் லின்னேயக் கழகத்தில் ஒருங்கே படிக்கச் செய்தனர். வாலேசோ கேட்டறிய இயலாத தொலைவில் இருந்தார். அவர் இசைவு பெறாமற் செய்த செயல் இது என்ற குறையை மறுப்பதற்கில்லை. பின்னர்ச் செய்தியறிந்த வாலேசு அதனை மகிழ்வுடன் ஏற்றுக்கொண்டார் என்பது அப்பெருந்தகையின் சிறப்பு. டார்வின் அக்கூட்டத்துக்குச் செல்லவில்லை. மகனை அடக்கம் செய்த துயரத்தில் வீட்டிலிருந்தார்.

அதன்பின் டார்வின் நூலை விரைந்து எழுதினார். ஒவ்வோர் இயலின் படியையும் ஹூக்கருக்கு அனுப்புவார். ஒருமுறை நகைப்புக்கிடமான நிகழ்ச்சி நேர்ந்தது. ஹூக்கரின் இல்லத்தில், குழந்தைகள் படம் வரைவதற்குத் தாள் வைக்கும் பெட்டியில் டார்வினின் கைப்படி தவறிச் சேர்ந்துவிட்டது. கண்டுபிடித்தபோது ஏறத்தாழக் காற்பகுதி பயன்படாதாகியிருந்தது! ஹூக்கர் வெட்கினார். முதற்படி கைவசம் இருந்தமையால் டார்வின் சினமின்றிப் பொறுத்துக்கொண்டார்.

உயிரினங்களின் தோற்றம் என்னும் நூல் 1859ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் வெளிவந்தது. முதற்பதிப்பில் 1250 படிகள் அச்சிடப்பட்டன. ஐயங்கள் தீர்ந்த ஹூக்கர், அவ்வாண்டு இறுதியில் தாஸ்மேனியத் தாவரங்களைப் பற்றிய தம் நூலின் முன்னுரையில் டார்வினின் கொள்கையை வெளிப்படையாக ஆதரித்தார். 1860ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் ஆக்ஸ்பர்டு நகரில் நிகழ்ந்த புகழ்பெற்ற வாதத்தில் பேராயர் வில்பர்போர்சு அந்நூலைத் தாக்கிப் பேசினார். ஹக்ஸ்லி மறுமொழி கூறினார். ஹூக்கரும் எழுந்து தாவரவியல் முறையில் விடையிறுத்தார். அன்று அவருக்கு 43ஆம் பிறந்த நாள். நோய்க்கு மருத்துவம் பெற்றுக்கொண்டு தொலைவில் இருந்த டார்வினுக்கு அவ்வாதத்தை விரிவாக எழுதியவரும் ஹூக்கரே. மேடையேறிப் பேசுவதற்குப் பெரிதும் அஞ்சிய டார்வின், அம்மடலைப் படித்து ஆறுதலடைந்தார்.

நம்பிக்கை ஒருபுறத்ததாக இருந்ததில்லை. 1863ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹூக்கரின் ஆறு வயது மகள் இறந்தாள். அவள் உயிர்நீத்த ஒரு மணி நேரத்துக்குள் ஹூக்கர் எழுதுகோலை எடுத்து டார்வினுக்கு எழுதினார். வேறெந்த நண்பரினும் டார்வினையே அத்துயரில் தாம் நினைப்பதாகக் குறிப்பிட்டார். பன்னிரண்டு ஆண்டுக்கு முன் டார்வின் தம் பத்து வயது மகள் ஆனியை இழந்திருந்தார். அப்புண்ணின் ஆழத்தை அறிந்தவரிடமே ஹூக்கர் தம் புண்ணைக் காட்டினார்.

1865இல் ஹூக்கர் தந்தையாருக்குப் பின் கியூ தோட்டத்தின் தலைவரானார். உலகத் தாவரங்களின் பெயர்களையெல்லாம் தொகுக்கும் அகரவரிசை ஒன்று கியூவில் உருவாதல் வேண்டுமென விரும்பிய டார்வின், அதற்குப் பொருளுதவி செய்ய ஏற்பாடு செய்தார். 1890களில் ஹூக்கரின் மேற்பார்வையில் அது நூலாக வெளிவந்தது. டார்வின் அதனைக் காணவில்லை. 1882ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் அவர் டவுன் இல்லத்தில் உயிர்நீத்தார். ஒரு வாரத்துக்குப் பின் வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கோயிலில் அவரை அடக்கம் செய்தபோது, பேழையுடன் நடந்த பெருமக்களுள் வாலேசு ஒருவர், ஹூக்கர் ஒருவர்.

ஹூக்கர் அதன்பின் ஏறத்தாழ முப்பதாண்டு வாழ்ந்து, 1911ஆம் ஆண்டு டிசம்பரில் தம் 94ஆம் வயதில் இறந்தார். டார்வினுக்கருகே அவரை அடக்கம் செய்ய வாய்ப்பிருந்தும், குடும்பத்தார் கியூவில் அவர்தம் தந்தையாரின் கல்லறைக்கருகில் அடக்கம் செய்தனர். நண்பர் இருவரும் நாற்பதாண்டு காலத்தில் எழுதிக்கொண்ட மடல்களுள் ஏறத்தாழ 1400 எஞ்சியுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. 1844ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் கூசியவாறு எழுதப்பெற்ற மடலும் அங்கே உள்ளது.